மணல்மேட்டை வெட்டாமல் மைதானம் அமைக்க முடியுமா?

வாசகர் கேள்வி – பதில்

கடலோர ஊர்களில் பொது விளையாட்டு வளாகம் அமைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களே மிகுதி என்பதால், இம்முறை பகுதி முழுவதும் அந்தக் கரைக்கே ஒதுக்கப்படுகிறது. பதில் அளிப்பவர் நிலவடிவமைப்பில் ஈடுபட்டிருக்கும் கட்டடக் கலைஞர்.

கேள்வி: எங்கள் ஊராட்சியின் ஐந்து ஏக்கர் நிலத்தில் விளையாட்டு வளாகம் அமைக்கத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். தெற்கே கடற்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் மணல்மேடு, அதையொட்டிப் பனைகள், நடுவில் ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினால் செலவு மிச்சமாகும், 400 மீட்டர் ஓடுதளமும் கேலரியும் வந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். தங்கள் கருத்து என்ன? (ஊராட்சி உறுப்பினர், சாயல்குடி பகுதி)

பதில்: மேட்டை வெட்ட வேண்டாம், பள்ளத்தை மூடவும் வேண்டாம். ஒப்பந்தக்காரர் சொல்வது மண் வேலைக்கு மட்டும் போட்ட கணக்கு.

முதலில் இடத்தின் கணக்கைப் பார்ப்போம். எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் ஓடுதளம் ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கேட்கும். அது மட்டுமே நான்கு ஏக்கர். மீதி ஒரு ஏக்கரில் கேலரியும் கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் நெருக்கியடித்து நிற்க, ஊர்ப் பிள்ளைகள் நாள்தோறும் ஆடப்போகும் கபடிக்கும் கைப்பந்துக்கும் இடம் தேட வேண்டிவரும். மாவட்ட அளவிலான போட்டிகளுக்கு இராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது; ஒவ்வோர் ஊராட்சிக்கும் அதன் சிறு நகல் ஒன்று தேவை என்று நான் நினைக்கவில்லை. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டாலும் 24 மீட்டருக்கு 15 மீட்டரில் முடிந்துவிடும். கால்பந்துக்கு 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்பது பெரிய போட்டிகளுக்கான அளவு. ஆட்ட விதிகள் 90 மீட்டருக்கு 45 மீட்டர் வரை இடம் கொடுக்கின்றன. ஓட்டப் பயிற்சிக்கு நூறு மீட்டர் நேர்த்தடம் ஆறு போதும். சுற்று இடைவெளியும் சேர்த்து இவை அனைத்தும் இரண்டரை ஏக்கருக்குள் அடங்கும். ஆகவே மேடும் பள்ளமும் பனையும் அப்படியே இருக்க, மைதானமும் வந்துவிடும்.

மேட்டை ஏன் விடவேண்டும் என்று தீர்மானம் போட்டவர்கள் கேட்பார்கள். மணல்மேடு சும்மா கிடப்பதுபோல் தெரிந்தாலும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. புயல் அலை கரையேறும்போது அதன் விசையைத் தாங்கிக்கொள்வது ஒன்று. மழைநீரைத் தேக்கிவைப்பது மற்றொன்று. குடிதண்ணீருக்கு அல்லாடும் இந்த மாவட்டத்தில் எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. மேலே ஓரடி குறையும்போது கீழிருந்து உப்பு எவ்வளவு உயரம் ஏறிவர வழியாகிறது என்பதை இதே கணக்கிலிருந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிப்பது இந்த நீரைத்தான். உங்கள் மேடும் பள்ளமும் சேர்ந்துதான் ஊர்க் கிணறுகளுக்கு மழையை ஊட்டுகின்றன. ஒன்றை வெட்டி மற்றொன்றில் கொட்டினால் இரண்டும் போய்விடும்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011ஆம் ஆண்டினதும் சரி, 2019ஆம் ஆண்டினதும் சரி, மணல்மேடுகளைத் திருத்துவதைத் தடை செய்கிறது. மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகக் கரைகளில் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை கட்டுமானம் தவிர்க்கப்படவேண்டிய பகுதி; ஆனால் அதே பகுதியில் விளையாட்டுத் திடலும் பூங்காவும் அனுமதிக்கப்படும் பட்டியலில் இருக்கின்றன. எனவே திறந்த களங்களைக் கடற்பக்கமாகவும், கூரை உள்ளவற்றைக் கோட்டுக்கு அப்பால் ஊர்ப் பக்கமாகவும் வைத்து வரைபடம் போடுங்கள். மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் உங்கள் புல எண்ணைக் கொடுத்து, கோடு எங்கே விழுகிறது என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கிய பிறகே மதிப்பீடு தயாரியுங்கள். பனைகளைப் பொறுத்தவரை, அவற்றை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது.

வரைபடம் போடுமுன் நிலத்தை இரண்டு பருவங்களில் பார்த்தாக வேண்டும். ஐப்பசியில் ஒரு பெருமழை விட்ட மறுநாள் காலையில், தண்ணீர் நிற்கும் விளிம்பு நெடுகச் சவுக்குக் குச்சிகளை ஊன்றிவையுங்கள். தண்ணீர் வற்றினாலும் குச்சிகள் எல்லையைக் காட்டும். அந்தக் குச்சிகளுக்குள் எந்தக் களமும் வரக்கூடாது. பிறகு ஆனி ஆடியில், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஓங்கி வீசும் ஒரு பிற்பகலில் போய், மணல் எந்தப் பனையின் எந்தப் பக்கத்தில் ஏறிக் கிடக்கிறது, எங்கே வேர் வெளியில் தெரிகிறது என்று பாருங்கள். மணல் ஓடும் வழியில் நீங்கள் போடும் சுற்றுச்சுவர் இரண்டு ஆண்டுகளில் பாதி புதைந்துவிடும்.

கேலரி பற்றி ஒரு சொல். போர்ச்சுகலின் பிராகா நகரில் 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்தை ஒரு பழைய கல்குவாரிக்குள் அமைத்தார்கள். நீளவாட்டில் இரண்டு பக்கம் மட்டுமே இருக்கைகள், ஒரு முனையில் பாறையே சுவர். நமக்குப் பாறை இல்லை. ஆனால் நிலம் தருவதை வைத்து இருக்கை அமைக்கும் அந்த முறை நமக்கும் ஆகும். பள்ளத்தில் படிந்த வண்டலை ஓரடிக்கு மட்டும் வாரியெடுத்து, களத்தின் மேற்குப் பக்கத்தில் நீளக் கரையாகப் போட்டு, அருகம்புல் பதித்துப் படி வெட்டினால் அதுவே கேலரி. மாலை வெயில் பார்வையாளரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கச்சானும் ஓரளவு தணியும். களத்தை வடக்கு தெற்காக வைத்தால் ஆடுபவர் கண்ணிலும் சாய்வெயில் அடிக்காது. ஓரடிக்கு மேல் தோண்டவேண்டாம். ஆசைப்பட்டு ஆழமாக்கினால் உவர்நீர் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: எங்கள் கால்பந்து மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடலாம் என்று ஒரு தரப்பும், இயற்கைப் புல்தான் வேண்டும் என்று இன்னொரு தரப்பும் சொல்கின்றன. எது சரி? (கல்லூரி மாணவர், பெரியபட்டினம்)

பதில்: இரு தரப்பும் நகரத்து மைதானத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகின்றன. 90 மீட்டருக்கு 50 மீட்டர் களத்தில் கோடையிலும் பச்சைப் புல் நிற்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் 22,500 லிட்டர் ஆகிறது. உங்கள் வளாகத்தில் 600 சதுர மீட்டர் கூரை ஒன்று இருந்து, ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துவிட்டாலும் கிடைப்பது 3,84,000 லிட்டர். அது இந்தப் புல்லுக்குப் பதினேழு நாளைக்குத்தான் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் ஊரில், ஆழ்துளைக் கிணற்று நீரை இப்படி இறைக்க யாருக்கும் மனம் வராது. இறைத்தால் சில ஆண்டுகளில் உப்பே மேலேறிப் புல்லையும் கருக்கிவிடும்.

செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது பாதி உண்மை. சித்திரை வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியசையும் தாண்டும். ஆடவேண்டுமானால் தண்ணீர் தெளித்துத்தான் ஆகவேண்டும். அதில் நிரப்பும் ரப்பர்த் துகள்கள் இன்னும் பெரிய தொல்லை. இப்படிப்பட்ட நுண்நெகிழித் துகள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு தடை விதித்து, விளையாட்டுத் தளங்களுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊரிலோ காற்றில் பறக்கும் துகள் போய்ச் சேரும் இடம் மன்னார் வளைகுடா. 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும், அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் கடற்புல் படுகைகளும் அங்கேதான் இருக்கின்றன.

செம்மண்ணும் மணலும் கலந்து உருட்டிய தரையில், மழைக்கு முன் அருகம்புல்லை நட்டுவிடுங்கள். அருகு ஓரளவு உப்பைத் தாங்கும். மார்கழி, தையில் பசுமையாக இருக்கும், வைகாசியில் பழுப்பாகிப் படுத்துவிடும், மறுபடி மழைக்கு எழும். பழுப்பான மைதானம் பராமரிப்பு இல்லாத மைதானம் என்ற எண்ணத்தை மட்டும் ஊர் கைவிடவேண்டும்.

கேள்வி: கோடையில் வறண்ட கண்மாய்க்குள்தான் கிரிக்கெட் ஆடுகிறோம். அங்கேயே நிரந்தர மைதானம் கேட்டு மனுக் கொடுக்கலாமா? (இளைஞர் மன்றத்தினர், திருஉத்தரகோசமங்கை பகுதி)

பதில்: தாராளமாக ஆடுங்கள், மனுக் கொடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் நிலம் மறுபடி கண்மாயாகிவிடுகிறது என்பதால் உங்கள் ஆட்டத்தால் அதற்குக் கேடில்லை. கிராவல் கொட்டி மேடாக்கினால், அவ்வளவு தண்ணீர் அடுத்த மழையில் வேறு யாருடைய வயலிலோ வீட்டிலோ நிற்கும். வறண்டு கிடக்கிறதே என்று கண்மாயைத் தரிசாக எண்ணிவிடக் கூடாது. இதே மாவட்டத்தின் சக்கரக்கோட்டைக் கண்மாயும் தேர்த்தங்கல் கண்மாயும் 2025ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, ஏற்கப்பட்டவை. நிரந்தர இடம் வேண்டுமென்றால், நீர்நிலைப் புறம்போக்கில் சேராத, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் மேட்டுத் தரிசைக் கேளுங்கள். அதை வேரோடு எடுத்துவிட்டு மைதானமாக்கினால் நிலத்துக்கும் நன்மை.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் ஊர் இளைஞர்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், இரவு நேரக் கைப்பந்துப் போட்டிகள் அப்போதுதான் நடக்கும். புது மைதானத்துக்கு உயர்கோபுர விளக்கு கேட்டால், ஆமைகளுக்கு ஆகாது என்கிறார்கள். ஆமைக்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டுமா? (மீனவர் சங்கப் பொறுப்பாளர், இராமேசுவரம் தீவு)

பதில்: நிறுத்த வேண்டாம், ஆனால் உயர்கோபுர விளக்கு வேண்டாம் என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனி, சித்திரை வரை கரையேறி முட்டையிடுகின்றன. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. எனவே நீங்கள் போட்டி நடத்தும் அதே இரவுகளில்தான் பிந்தி இட்ட முட்டைகளின் குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவருகின்றன. வனத்துறை சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்த முட்டைகள் தப்பிவிடும்; கண்ணில் படாமல் மணலில் கிடப்பவற்றுக்குத்தான் ஆபத்து. இயல்பாகக் கரைப் பக்கம் மணல்மேட்டின் இருட்டும், கடற்பக்கம் வானத்தின் மெல்லிய வெளிச்சமும் இருப்பதால் குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஓடிக் கடலை அடைகிறது. ஊர்ப் பக்கம் வெள்ளை விளக்கு எரிந்தால் திசை மாறி உள்ளே வந்து, காலையில் வெயிலில் காய்ந்தோ நாய்க்கு இரையாகியோ போகும்.

இதற்கு வழி உண்டு. கோபுரத்தைக் கைவிட்டு, கைப்பந்துக் களத்துக்குப் போதிய உயரத்தில் மட்டும் கம்பங்கள் நடுங்கள். கம்பங்களைக் கடற்பக்கத்தில் நிறுத்தி, விளக்கின் முகத்தை ஊரை நோக்கிக் கீழே சாய்த்து, பின்புறம் தகடு அடித்துவிட்டால் கரையில் நிற்பவர் கண்ணுக்கு விளக்கு தெரியாது. இதைச் சோதிப்பது எளிது: விளக்கைப் போட்டுவிட்டு அலை ஓரம் போய், குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். பல்பு கண்ணில் பட்டால் தகட்டை நீட்டவேண்டும். நடைபாதைக்கும் கழிப்பறைக்கும் நீலமும் பச்சையும் கலவாத ஆம்பர் நிற விளக்கு போதும். குஞ்சுகளை இழுப்பது பெரும்பாலும் அந்த நீலப் பச்சை ஒளிதான். மாலை நான்கரைக்கே முதல் ஆட்டத்தைத் தொடங்கி, இரவு ஒன்பதுக்குள் விளக்கை அணைப்பது என்று சங்கத்திலேயே விதி வையுங்கள். அதிகாரி சொல்லும் விதியைவிடச் சங்கம் போட்ட விதிக்குக் கரையில் மதிப்பு அதிகம்.

கேள்வி: பக்கத்து ஊரில் கட்டிய உள்ளரங்கத்தில் தகரக் கூரை சில ஆண்டுகளிலேயே ஓட்டையாகிவிட்டது, தூண்களிலும் வெடிப்பு. எங்கள் ஊரில் கட்டப்போகும் அரங்கத்துக்கு என்ன கவனிக்கவேண்டும்? (கட்டட மேற்பார்வையாளர், தேவிபட்டினம்)

பதில்: தூண் வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பிதான். உப்பு எட்டிய கம்பி துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பெருகி, மூடியிருக்கும் கான்கிரீட்டை நீளவாட்டில் பிளந்து தள்ளுகிறது. அந்த உப்பு காற்றில் வந்ததாக எல்லாரும் நினைக்கிறோம். பல இடங்களில் அது கலவையிலேயே போடப்பட்டது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456. பணியிடத்துக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் முதல் மூட்டையைப் பிரிக்கவேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. கடலோரக் காற்று படும் கட்டடத்துக்கு அதே விதித்தொகுப்பு குறைந்தது எம்30 என்னும் வலிமைத் தரத்தில் கலவையும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் கேட்கிறது. கடல்நீர்த் தூவல் படும் இடமானால் எம்35, 50 மில்லிமீட்டர். மூடலைக் காப்பாற்றுவது சிமெண்டு வில்லைகள். கொத்தனார் கையில் கிடைத்த ஜல்லியை வைத்துக் கம்பியைத் தூக்குவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்துங்கள்.

கூரையைப் பொறுத்தவரை, நான்கு பக்கமும் சரியும் கூரை இரண்டு பக்கச் சரிவைவிடக் காற்றைத் தாங்கும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களும் ஓடும் இந்தக் கரையில் தலைமுறை கடந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாய்ந்த பனைகள் கிடைத்தால் சிறு நிழற்கூடங்களுக்கு அவை போதும். பெரிய அரங்கத்துக்கு இரும்புதான் என்றால், சூடான துத்தநாகத்தில் தோய்த்த சட்டங்களைக் கேளுங்கள். அறுத்து ஒட்டிய இடமெல்லாம் மறுபூச்சு வேண்டும். அடித்தளத்துக்கும் நிரப்புக்கும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பவளப்பாறைகள் 2001ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இன்னொன்றையும் ஊர்க் கூட்டத்தில் பேசுங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டம் இது. ஊரில் பெரிய கூரை ஒன்று எழப்போகிறது என்றால், அது புயலன்று மக்கள் ஒதுங்கும் இடமாகவும் இருக்கவேண்டும். காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, புயலுக்குப் பின்னும் பயன்பட வேண்டிய கடலோரக் கட்டடங்களுக்குக் காற்று வேகத்தை 1.30 மடங்காகக் கணக்கிடச் சொல்கிறது. வடிவமைப்பாளரிடம் அந்த எண்ணைப் போட்டுத்தான் கணக்குச் செய்தீர்களா என்று கேளுங்கள்.

கேள்வி: விளையாட்டு வளாகத்துக்கு அளந்திருக்கும் இடத்தில்தான் நாங்கள் கடற்பாசியும் கருவாடும் காயவைக்கிறோம். வேலி போட்டால் எங்கே போவோம்? எங்கள் பெண்பிள்ளைகள் அங்கே ஆடுவார்களா என்பதும் தெரியவில்லை. (மகளிர் குழு உறுப்பினர், ஏர்வாடி பகுதி)

பதில்: வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பயன்பட்டது உங்களுடையது. அளவை வரைபடத்தில் காலியிடம் என்று போட்டிருப்பது உங்கள் பணியிடம் என்பதை அளக்க வந்தவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பாசி காயும் இடம், வலை உலர்த்தி ஒக்கிடும் (பழுதுபார்க்கும்) இடம், கரைவலை இழுக்கும் இடமான பாடு, படகு ஏற்றும் வழி ஆகிய நான்கையும் நீங்களே நிலத்தில் நடந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுங்கள். இவை முதலில் வரைபடத்தில் ஏறவேண்டும். களங்கள் அவற்றுக்கு ஒதுங்கித்தான் வரவேண்டும். பாசியும் கருவாடும் காய்வது பெரும்பாலும் பகலில், ஆட்டம் மாலையில். ஆகவே சிமெண்டுத் தளம் போட்ட களம் ஒன்றை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செதிலும் முள்ளும் கிடக்கும் தரையில் பிள்ளைகள் வெறுங்காலுடன் கபடி ஆட முடியாது, நீங்களும் மாலை நான்கு மணிக்கு அவசரமாக வாரிக்கொண்டிருக்க வேண்டும். தனித்தனி இடமே நல்லது. சுற்றுச்சுவருக்குப் பதிலாக, ஆடுமாடு நுழையாத அளவுக்குப் பனைமட்டை வேலியும், கடலுக்குப் போகும் பழைய தடங்களில் திறப்பும் கேளுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை, களம் ஊருக்குள் கண்பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். பூட்டும் தண்ணீரும் உள்ள தனிக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் முதல் கட்ட வேலையிலேயே முடியவேண்டும். இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் அது வராது. பெண்கள் கபடிக் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். அதற்குத் தனி இடமும், வாரத்தில் அவர்களுக்கென்று சில மாலை நேரமும் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வளாகத்தைச் சுற்றி என்ன மரம் நடலாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி)

பதில்: பூவரசு, புன்னை, வேம்பு, குடைபோல் விரியும் உடைமரம். காற்று வரும் பக்கம் பனை விதையை நேராக ஊன்றிவிடுங்கள். நிழலுக்கு அல்ல, தடுப்புக்கு. மணல்மேட்டில் மரமே வேண்டாம். அங்கே இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் தாமாகவே மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஆமை ஏறும் கரையில் சவுக்கு நெருக்கமாக நடுவதையும் தவிருங்கள்.

கேள்வி: கழிப்பறைக்கு செப்டிக் டேங்க் எங்கே வைப்பது? மணல் நிலம் என்பதால் உறிஞ்சுகுழி நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். (ஊராட்சிச் செயலர், உச்சிப்புளி பகுதி)

பதில்: மிக நன்றாக வேலை செய்யும், அதுதான் சிக்கல். மணலில் இறங்கும் கழிவுநீர் வடிகட்டப்பட நேரமில்லாமல் மேலே சொன்ன நன்னீரில் கலந்துவிடும். உறிஞ்சுகுழி வேண்டாம். கசிவில்லாத அடைத்த தொட்டி, அதிலிருந்து வரும் நீருக்குக் கல்வாழையும் நாணலும் நட்ட, அடியில் தார்ப்பாய் விரித்த சரளைப் படுகை, அங்கிருந்து மிஞ்சும் நீர் மரங்களின் தூருக்கு. ஊருணியும் குடிநீர்க் கிணறும் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், நீரோட்டத்தின் கீழ்முனையில் வையுங்கள். தொட்டியைக் காலிசெய்யும் லாரி வந்து திரும்ப வழி விடுவதை மறந்துவிட வேண்டாம்.